ஒரே உணவு வண்டி, நாலு ஊர்: பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர், கோவைக்கு என்னென்ன லைசென்ஸ் வேணும்?

கொத்துக்கரண்டி (கேள்வி), 2025 ஜூன் 3

வணக்கங்க. மினி டிரக்கில் புரோட்டா, கொத்து, சிக்கன் வகைகள் போடலாம் என்று இருக்கிறேன். வண்டி 2019 மாடல் டாடா ஏஸ், சரக்கு வண்டியாகத்தான் ஆர்.சி இருக்கிறது. லோன் இன்னும் முடியவில்லை. பாடி வேலை தொடங்கவில்லை, பட்டறையில் கொட்டேஷன் மட்டும் வாங்கியிருக்கிறேன்.

பொள்ளாச்சியில் ஒரு சின்னக் கட்டடம் வாடகைக்கு எடுத்து அங்கே மாவு பிசைவது, மசாலா, சால்னா எல்லாம். கல்லில் போடுவது வண்டியில். திங்கள் முதல் வியாழன் வரை பொள்ளாச்சி, வெள்ளி உடுமலை, சனி திருப்பூர், ஞாயிறு கோவை. என்னோடு இரண்டு பேர் சம்பளத்துக்கு இருப்பார்கள். பின்னால் பாலக்காடு பக்கம் திருவிழாக்களுக்கும் போக எண்ணம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமம் ஒரு தடவை எடுத்தால் நாலு ஊருக்கும் போதுமா? மாநகராட்சி, நகராட்சி ஒவ்வொன்றிலும் தொழில் உரிமம் தனித்தனியா? ஆர்.டி.ஓ-வில் என்ன செய்ய வேண்டும்? எதை முதலில் தொடங்குவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

சோற்றுக்கணக்கு, 2025 ஜூன் 3

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதற்குக் காரணம், "உணவு வண்டி லைசென்ஸ்" என்று தனியாக ஒரு காகிதம் நம் ஊரில் கிடையாது என்பதுதான். வண்டிக்கு ஒரு சட்டம், சாப்பாட்டுக்கு ஒரு சட்டம், நிற்கிற இடத்துக்கு வேறொரு சட்டம். முதல் இரண்டும் வண்டியோடு கூடவே வரும். மூன்றாவது வரவே வராது, எல்லை தாண்டினால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

நான் சாப்பாட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மத்தியச் சட்டம். விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ இணையதளத்தில். 2025-ல் இருந்த வரம்புப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை என்றால் பதிவு மட்டும் போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம், உங்களைப் போன்ற உணவுச் சேவைக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். எல்லோரும் 100 ரூபாய்ப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் 12 லட்சத்தை 300 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 4,000 ரூபாய். சிக்கன் போடுகிற வண்டி, அதுவும் வார இறுதியில் திருப்பூரும் கோவையும் போகிற வண்டி, 4,000 ரூபாய்க்குள் நிற்காது. இது லாபக் கணக்கு இல்லை, மொத்த விற்பனைக் கணக்கு. அதனால் முதலிலேயே மாநில உரிமத்துக்குப் போடுங்கள். பதிவு எண் 2 என்று தொடங்கும், உரிம எண் 1 என்று தொடங்கும். யு.பி.ஐ-யில் மாதம் இரண்டு லட்சம் வரவு காட்டிக்கொண்டு சுவரில் 2-ல் தொடங்கும் எண்ணை ஒட்டி வைத்தால், ஆய்வுக்கு வருபவர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

இன்னொன்று, உரிமம் இடத்துக்கு இடம் தனி. பொள்ளாச்சிக் கட்டடத்தில் சால்னா காய்ச்சினால் அந்தக் கட்டடத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. வண்டிக்கு விண்ணப்பிக்கும்போது ஆர்.சி நகலும், உள்ளே கல், தொட்டி, தண்ணீர் டேங்க், கழிவுநீர் டேங்க் எங்கெங்கே இருக்கிறது என்று அளவோடு ஒரு வரைபடமும் வையுங்கள். கட்டடத்துக்கு வாடகை ஒப்பந்தம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை (ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தர அளவுகோல்படி), கருவிகளின் பட்டியல், உணவுப் பாதுகாப்புத் திட்டம் ஆகியவை வேண்டும். வேலை செய்யும் மூவருக்கும் மருத்துவத் தகுதிச் சான்று, டைபாய்டு தடுப்பூசி. மருத்துவச் சான்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. யாராவது ஒருவர் ஃபாஸ்டாக் பயிற்சி முடித்திருக்க வேண்டும். (சுங்கச்சாவடி அட்டை இல்லை, இது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி. 25 பேருக்கு ஒருவர் கணக்கு, உங்களுக்கு ஒருவர் போதும்.)

உடுமலைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் தனித்தனியாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தேவையில்லை. ஊர் நாலு என்றாலும் மாவட்டம் இரண்டுதான்: பொள்ளாச்சி கோவை மாவட்டத்தில், உடுமலை திருப்பூர் மாவட்டத்தில். உரிமம் உணவுப் பாதுகாப்புத் துறையின் கோவை மாவட்ட நியமன அலுவலர் தருவார். ஆனால் திருப்பூர் மாவட்டத்தில் நிற்கும் நேரத்தில் அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும் முழு அதிகாரம் உண்டு, "நான் கோவை லைசென்ஸ்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால் திருப்பூர் நியமன அலுவலர் அலுவலகத்துக்கு, இந்த எண் வண்டி, இந்த உரிம எண், இந்தக் கிழமையில் இந்த இடம் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வண்டியில் வையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் செய்யுங்கள். முதல் ஆய்வில் பேச்சின் தொனியே மாறிவிடும்.

அச்சுப்பட்டறை, 2025 ஜூன் 4

தம்பி, கொட்டேஷன் வாங்கினதோடு நிறுத்தியிருக்கிறீர்களே, அது நல்லது. தகட்டை வெட்டும் முன்னால் ஆர்.டி.ஓ.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி-யில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. முன் அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும், மாற்றி முடித்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் பிரிவு 182ஏ: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. "பாடி கட்டி முடிச்சிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று பட்டறைக்காரர் யாராவது சொன்னால் அந்தப் பட்டறையே வேண்டாம்.

உங்கள் ஆர்.சி எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கே மாற்றத்துக்கு விண்ணப்பம். கூடவே பாடியின் அளவு வரைபடம், பட்டறை கொட்டேஷன், இன்ஷூரன்ஸ், எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று), லோன் இருப்பதால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையின்மைச் சான்று. இந்தக் கடைசிக் காகிதத்தில்தான் பலருக்கும் மாதக்கணக்கில் இழுக்கும், அதை இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார், எடைமேடைச் சீட்டு கேட்பார். அதன்பின் ஆர்.சி-யில் வகை "மொபைல் கேன்டீன்" என்று மாறும், பாடி வகையும் காலி எடையும் மாறும், வரி வித்தியாசம் இருந்தால் கட்ட வேண்டும். மொபைல் கேன்டீன் போக்குவரத்து வாகனப் பட்டியலில் வருவதால் மஞ்சள் பலகை அப்படியே இருக்கும், எஃப்.சி-யும் காட்ட வேண்டும். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒன்று, அதன்பின் வருடா வருடம். உங்கள் வண்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையில்தான் பெரும்பாலும் மாட்டுவது. ஏஸ் வண்டியின் சுமைத்திறன் சுமார் 750 கிலோ. மூன்றுக்கு இரண்டு அடி, 12 மில்லிமீட்டர் தகட்டில் புரோட்டாக்கல் வெட்டினால் கல் மட்டும் 52 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் நிறைந்திருந்தால் ஒன்று 35 கிலோ வாக்கில், இரண்டு 70. தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. ஃப்ரிட்ஜ் 50, ஜெனரேட்டர் 45, கூட வரும் இருவர் 130. இதுவே 547 ஆகிவிட்டது. பாடி, கூரை, எஸ்.எஸ் கவுண்டர், இரும்புச் சட்டம் எல்லாம் 300 கிலோ என்று வைத்தால் 850-ஐ நெருங்குகிறது, இன்னும் மாவு, கறி, எண்ணெய், பாத்திரம் ஏறவில்லை. பழைய சரக்குப் பெட்டியைக் கழற்றுவதால் கொஞ்சம் எடை திரும்பக் கிடைக்கும், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. தண்ணீரை 100 லிட்டராக்கி, ஊருக்குப் போய் நிரப்புகிற மாதிரி வையுங்கள். ஜெனரேட்டருக்குப் பதில் இடத்துக்காரரிடம் மின் இணைப்பு கேட்க முடியுமா என்று பாருங்கள். கல்லை 10 மில்லிமீட்டர் ஆக்கினால் 9 கிலோ குறையும், ஆனால் சூடு சீராக நிற்காது, அங்கே கைவைக்காதீர்கள். கழிவுநீர் டேங்க்கைத் தனியாகக் கூட்ட வேண்டாம், சுத்தத் தண்ணீர் குறையக் குறையத்தான் அது நிறையும். ஆனால் அதன் கொள்ளளவு சுத்தத் தண்ணீர் டேங்க்கைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

பின்பக்க நீட்டமும் பாருங்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2,100 மில்லிமீட்டர் வீல்பேஸுக்கு 1,260. பின்னால் ஒரு சிலிண்டர் கூண்டு, அதற்குப் பின்னால் ஒரு படிக்கட்டு என்று வெல்டிங் வைத்துக்கொண்டே போனால் எஃப்.சி-யில் நிற்கும். பக்கவாட்டு மேசை மடக்கும் வகையில் இருக்கட்டும், ஓடும்போது எதுவும் வெளியே நீட்டக் கூடாது.

கேஸ்: 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள், பறிமுதலும் வழக்கும் வரும். 19 கிலோ வணிக இணைப்பு உங்கள் பெயரில், பொள்ளாச்சிக் கட்டடத்தின் முகவரியில். சேமிப்பு உரிமம் இல்லாமல் மொத்தம் 100 கிலோ வரை எல்.பி.ஜி வைத்திருக்கலாம், கட்டடத்திலும் வண்டியிலும் சேர்த்து ஐந்து சிலிண்டருக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எல்.பி.ஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கித் தங்கும். அதனால் சிலிண்டர் அறையின் காற்றோட்டத் துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும், மேலே மட்டும் சல்லடை வைத்துப் பயனில்லை. அறைக்கும் சமையல் பகுதிக்கும் நடுவே ஓட்டையில்லாத தகடு, கதவு வெளிப்பக்கம், சிலிண்டர் நின்ற நிலையில் பெல்ட் போட்டு. ஓடும்போது வால்வு மூடி, ரெகுலேட்டர் கழற்றி, மூடி போட்டிருக்க வேண்டும். ஹை பிரஷர் பர்னர் வைத்தால் அதற்குரிய ஹோஸ் தனி, வீட்டு அடுப்பின் ஆரஞ்சு ஹோஸை மாட்டினால் வெடித்துக் கிளம்பும். தீயணைப்பான் 6 கிலோ ஏ.பி.சி ஒன்று, வாசல் பக்கம். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீ பிடித்த நேரத்தில் கை எட்டாது. சிக்கன் பொரிப்பதால் எண்ணெய்த் தீக்கான கே வகையும் ஒன்று சேருங்கள். ஏ.பி.சி பொடி எண்ணெய்த் தீயை அடக்கினாலும் சூடு இறங்காததால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

இன்ஷூரன்ஸில் சரக்கு வண்டி பாலிசியை மாற்றி, மொபைல் கேன்டீன் வரும் மிசலேனியஸ் வகைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே அடுப்பு இருப்பதை எழுத்தில் தெரிவியுங்கள். இதைச் செய்யாமல் தீ விபத்து நடந்தால் கிளெய்ம் நிற்காது.

நடைபாதை, 2025 ஜூன் 4

சாலையோர வியாபாரி அடையாள அட்டை வாங்கிவிட்டால் போலீஸ் தொல்லை, நகராட்சித் தொல்லை ரெண்டும் இல்லை. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டம் தெளிவாகப் பாதுகாப்பு கொடுக்கிறது. நகர விற்பனைக் குழுவில் மனு கொடுங்க.

ஊர்எல்லை, 2025 ஜூன் 5

நடைபாதை சொன்ன சட்டம் நல்ல சட்டம், ஆனால் கேள்வி கேட்டவரின் திட்டத்துக்கு அது ஒட்டாது. பிரிவு 5-ஐப் பாருங்கள். சான்றிதழ் பெறுபவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும்: தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வார்கள், வேறு வாழ்வாதாரம் இல்லை, சான்றிதழை யாருக்கும் மாற்றவோ வாடகைக்கு விடவோ மாட்டேன் என்று. வாடகைக் கட்டடத்தில் தயாரிப்பு, சம்பளத்துக்கு இருவர், வாரத்தில் நாலு ஊர் என்று நடத்துபவர் இந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. மேலும் சான்றிதழ் அந்த உள்ளாட்சியின் கணக்கெடுப்பிலிருந்து, அந்த ஊரின் விற்பனைப் பகுதிக்குத் தரப்படுவது. பொள்ளாச்சி அட்டையைத் திருப்பூரில் காட்டினால் செல்லாது. உண்மையாகவே தள்ளுவண்டியில் பிழைப்பவர்களுக்கான இடத்தை டிரக் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்வதும் சரியில்லை.

அட்டை உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது இதைப் படிக்கலாம். இடத்தைக் காலி செய்யச் சொல்ல 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அதே நாளிலும் மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள்ளும் திருப்பித் தர வேண்டும். பிரிவு 18, 19. பட்டியல் இல்லாமல் எடுத்துப்போக விடாதீர்கள்.

கொத்துக்கரண்டிக்கு என் யோசனை: பொதுச்சாலையை மறந்துவிடுங்கள், நாலு ஊரிலும் தனியார் இடம் பிடியுங்கள். சாலையில் நின்றால் நகரத்தில் போக்குவரத்துப் போலீஸ், பைபாஸில் நெடுஞ்சாலைத் துறை, உள்ளே உள்ளாட்சி என்று மூன்று பேரிடம் பதில் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கு 2002 கட்டுப்பாட்டுச் சட்டம், மாநில நெடுஞ்சாலைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001. வெள்ளைக்கோட்டுக்கு வெளியே மண் தரையில் நின்றாலும் அது பெரும்பாலும் அவர்கள் நிலம்தான். யாரும் நாலு மாதம் கேட்காமல் இருக்கலாம், ஐந்தாவது மாதம் வண்டியையே தூக்கிக்கொண்டு போவார்கள்.

தனியார் இடம் என்றால் கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வளாகங்கள், எங்கேயும் கல்யாண மண்டப மைதானங்கள். கடைகளின் பார்க்கிங்கில் நிற்பதைத் தவிருங்கள், கட்டட அனுமதியில் பார்க்கிங் என்று காட்டிய இடத்தில் வியாபாரம் நடந்தால் இடத்துக்காரருக்கே நோட்டீஸ் வரும். பெட்ரோல் பங்க் பக்கம் அடுப்போடு போகவே கூடாது.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, ஸ்டாம்ப் பேப்பரில். "வாகனம் நிறுத்த" என்று எழுதினால் போதாது. "வாகனத்தை நிறுத்தி, உணவு தயாரித்து விற்க" என்று இருக்க வேண்டும். சர்வே எண், கிழமை, நேரம், தண்ணீர், மின்சாரம், கழிவு யார் பொறுப்பு, பணியாளர்கள் பயன்படுத்தக் கழிப்பறை எங்கே என்பதெல்லாம் உள்ளே வரட்டும். காலியிடம் என்றால் காலியிட வரி ரசீது நகல், கட்டடம் என்றால் சொத்து வரி ரசீது நகல் இணைப்பு.

தொழில் உரிமம் அந்தந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் மட்டும் செல்லும். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் புது விதிகளும் நடைமுறைக்கு வந்ததில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவான நடைமுறை இருக்கிறது. பொள்ளாச்சிக் கட்டடத்துக்கு அது கட்டாயம் எடுத்துவிடுங்கள். மற்ற மூன்று ஊரில் சிக்கல் ஒன்று உண்டு. ஆன்லைன் படிவம் இடத்தின் சொத்து வரிவிதிப்பு எண்ணைக் கேட்கும். வண்டிக்கு வரிவிதிப்பு எண் கிடையாது, படிவம் அங்கேயே நின்றுவிடும். அதற்காக யாருடைய வீட்டு எண்ணையாவது போடாதீர்கள், உரிமத்தில் ஒரு முகவரி, வண்டி நிற்பது வேறு இடம் என்றால் அது இல்லாததற்குச் சமம். இடத்துக்காரரின் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு, ஒப்பந்தத்தை இணைத்து, ஆணையருக்கு ஒரு மனுவும் தனியாகக் கொடுங்கள். கோப்பு கடைசியில் சுகாதார ஆய்வாளரின் மேசைக்குத்தான் போகும், அவரை முன்கூட்டியே இடத்துக்கு அழைத்துக் காட்டுங்கள். குப்பை எங்கே போகிறது, கழிவுநீர் மழைநீர் வடிகாலில் போகிறதா என்ற இரண்டைத்தான் அவர் பார்ப்பார். கழிவுநீரைத் திரும்பப் பொள்ளாச்சிக்கே கொண்டுபோய்க் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி வழியாக விடுவதாக எழுத்தில் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகம். ஊர்ப்பெயரை நம்பாதீர்கள், பைபாஸ் ஓரத்து இடம் பலவும் நகராட்சி எல்லைக்கு வெளியே பக்கத்து ஊராட்சியில் இருக்கும். வரி ரசீதின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்களுக்கு அதிகாரி.

கொத்துக்கரண்டி, 2025 ஜூன் 5

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். அச்சுப்பட்டறை அண்ணா சொன்ன எடைக் கணக்கைப் பட்டறையில் காட்டினேன், டேங்க்கைச் சின்னதாக்கச் சொல்லிவிட்டேன். ஃபைனான்ஸுக்கும் எழுதியாச்சு.

மூன்று சந்தேகம். வாரச்சந்தைக்குள் நிற்கலாமா? ஜி.எஸ்.டி நாலு ஊருக்கும் தனித்தனியா? பாலக்காட்டுக்கு என்ன செய்வது?

ஊர்எல்லை, 2025 ஜூன் 5

சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி குத்தகைக்கு விட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் அன்றைய சுங்கம் கட்டி ரசீது வாங்கினால் அந்த ஒரு நாள் நிற்கலாம். கட்டணப் பட்டியல் சந்தை வாசலில் பலகையில் இருக்கும், அதற்கு மேல் கேட்டால் உள்ளாட்சியில் புகார் கொடுங்கள். சந்தைக்கு வெளியே சாலையில் நிற்க அந்த ரசீது உதவாது. கோயில் நிலம் என்றால் கோயில் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி.

வரவுசெலவு, 2025 ஜூன் 6

ஜி.எஸ்.டி: ஒரு மாநிலத்துக்கு ஒரு பதிவு. பொள்ளாச்சி முதன்மை இடம், மற்ற மூன்றையும் கூடுதல் இடங்களாகச் சேருங்கள். சேவைக்கு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம், அதே 300 நாள் கணக்கில் நாளுக்கு 6,700 ரூபாய் வாக்கில். உங்கள் திட்டப்படி முதல் வருடத்திலேயே தொட வாய்ப்புண்டு.

சாதாரணப் பதிவா, காம்பொசிஷனா (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) என்பதை இட வாடகையை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டிலும் வரி 5 சதவீதம்தான், இரண்டிலும் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி பதிவில்லாதவரிடம் வணிக இடத்தை வாடகைக்கு எடுக்கும் பதிவுபெற்றவர் அந்த வாடகைக்கு 18 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும். நாலு ஊரில் நாலு வாடகை, இடத்துக்காரர்கள் பலர் பதிவில்லாதவர்கள். மாதம் மொத்தம் 25,000 வாடகை என்றால் 4,500 ரூபாய் கையை விட்டுப் போகும், திரும்பாது. காம்பொசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். காம்பொசிஷனில் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்க முடியாது, விலைக்குள் அடக்க வேண்டும். தட்டுக் கணக்கில் விற்பவருக்கு அது பாரமில்லை. எந்தப் பதிவாக இருந்தாலும் பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி முதல் கட்டாயம்.

தொழில்வரி பொள்ளாச்சி நகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு முறை, உங்களுக்கும் பணியாளர்களுக்கும். அதை விட்டால் தொழில் உரிமப் புதுப்பிப்பில் வந்து நிற்கும்.

பாலக்காட்டில்தான் காம்பொசிஷன் இடிக்கும். வேறு மாநிலத்தில் கொஞ்ச நாள் விற்க அங்கே தற்காலிக வரிசெலுத்துநராகப் பதிய வேண்டும். 20 லட்ச வரம்பு அதற்குக் கிடையாது, முதல் ரூபாயிலிருந்து வரி. தொடங்குவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன் விண்ணப்பம், மதிப்பிட்ட வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும், 90 நாள் வரை செல்லும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். இந்தப் பதிவுக்குக் காம்பொசிஷன் சலுகை இல்லை. முகவரிச் சான்றாகத் திருவிழாக் குழுவின் இட ஒதுக்கீட்டுக் கடிதத்தை வையுங்கள். முதல் வருடம் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொண்டு, பாலக்காட்டை வருமானம் தெரிந்த பிறகு தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

சோற்றுக்கணக்கு, 2025 ஜூன் 6

பாலக்காட்டில் சாப்பாட்டுப் பக்கமும் கெடுபிடி அதிகம். 2023 முதல் பணியாளர்களின் ஹெல்த் கார்டை அங்கே கண்டிப்பாகக் கேட்கிறார்கள், பார்சலில் தயாரித்த நேரமும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் எழுதிய ஸ்டிக்கர் கட்டாயம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ போகும் முன் கேரள வாகன வரியைக் கட்டி ரசீதை வண்டியில் வைத்துவிடுங்கள்.

நாலு ஊரிலும் ஆய்வுக்கு வருபவர் உங்களைப் போன்ற மெனுவில் எதைத் தேடுவார் என்று சொல்கிறேன். சிக்கனில் செயற்கை நிறம், இறைச்சியில் அதற்கு அனுமதியே இல்லை, மிளகாய்த்தூளால் வரும் நிறம் போதும். பச்சை முட்டை மயோனைஸ், 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள். புரோட்டா பார்சலுக்குச் செய்தித்தாளும் கூடாது, பிளாஸ்டிக் தாளும் கூடாது (2019 ஜனவரி 1 தடைப் பட்டியலில் இருப்பது), வாழை இலை வையுங்கள். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதால் உருவாகும் கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருத்து, நுரைத்து, கையில் பிசுபிசுத்தால் அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள், அதை அளக்கும் மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சால்னாதான் எனக்குக் கவலை. பொள்ளாச்சியில் காலையில் காய்ச்சி மாலையில் கோவையில் பரிமாறினால், நடுவே அது 65 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அல்லது இரண்டு மணி நேரத்தில் 60-லிருந்து 21-க்கும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் 5-க்கும் இறக்கிக் குளிர்ச்சியாகக் கொண்டுபோய் அங்கே நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். 30 லிட்டர் அண்டாவில் மூடி போட்டு வைத்தால் அந்த வேகத்தில் ஆறவே ஆறாது. அகலமான தட்டையான பாத்திரங்களில் நாலு விரல் ஆழத்துக்கு ஊற்றி, பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு தெர்மாமீட்டரும், நேரமும் டிகிரியும் எழுதும் 40 பக்க நோட்டும் வண்டியில் இருக்கட்டும்.

குறை கண்டால் பெரும்பாலும் முதலில் மேம்பாட்டு அறிவிப்பு வரும், சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாமல் தர வேண்டும். மாதிரி எடுத்தால் நாலு பகுதியாகப் பிரிப்பார்கள், ஒரு பகுதியை அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை அந்த இடத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

அச்சுப்பட்டறை, 2025 ஜூன் 7

வரிசை கேட்டிருந்தீர்களே: ஃபைனான்ஸ் தடையின்மைச் சான்று, ஆர்.டி.ஓ முன் அனுமதி, அதன்பின் பாடி வேலை. பட்டறையில் வண்டி நிற்கும் நேரத்தில் பொள்ளாச்சிக் கட்டடத்தின் தொழில் உரிமத்தையும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யையும் முடியுங்கள், மாநில உரிமத்துக்குச் சட்டப்படி 60 நாள் வரை போகலாம். புது ஆர்.சி கைக்கு வந்ததும் வண்டிக்கான உரிமம், இன்ஷூரன்ஸ். மற்ற மூன்று ஊரின் இட ஒப்பந்தத்தில் ஆர்.சி வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள், வண்டி ஓடாத மாதத்துக்கும் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியில் ஒரு மாதம் ஓட்டி, எடையும் கேஸும் தண்ணீரும் பிடிபட்ட பிறகு உடுமலை.